எரியாத விளக்கு

சுரண்டையில் சாவியைத் திருகினேன்.
சிவப்பாய் எரிய வேண்டிய பேட்டரி விளக்கு எரியவில்லை.
ஒரு கவலை குறைந்தது என்று நினைத்துக்கொண்டேன்.
இருபுறமும் காற்றாலைகள்
யார் வீட்டுக்கோ மின்சாரம் சுற்றிக்கொண்டிருந்தன.

பின்னால் பதினெட்டு மூட்டை செவ்வந்தி,
ஆறு மூட்டை வாடாமல்லி, ஒரு பெட்டி அரளி.
அத்தம் பிறந்து நாலாம் நாள்.
விடிந்தால் புனலூரில் வாசலுக்கு வாசல்
வட்டம் போட ஆள் உட்கார்ந்திருக்கும்.

செங்கோட்டையில் வைப்பர் சோம்பியது.
கண்ணாடியில் சாரல் நிதானமாக இறங்கியது.
புளியறை வந்தபோது என் முகப்பு வெளிச்சம்
மூலஸ்தானத்து விளக்கு அளவுக்கு ஒடுங்கியிருந்தது.
அதை வைத்துக் கும்பிடலாம்,
வளைவு ஏற முடியாது.

சோதனைச்சாவடிக்கு இப்பால் மைதீன் பிச்சை கடை.
மலையில் எங்கோ மரம் விழுந்து ஊரே இருட்டு.
டார்ச்சைப் பல்லில் கடித்தபடி வந்தார்.
"பேட்டரி போச்சு, புதுசு போடும்" என்றேன்.
"நீரு சொல்லாதீரும் வே, இது சொல்லட்டும்."
மீட்டரின் சிவப்பு முனை சிவப்பில், கறுப்பு கறுப்பில்.

பதினொன்று புள்ளி இரண்டு.

"ஓடுற வண்டி பதினாலு காட்டணும்.
போனாப் போகுது, பதிமூணரை.
மிதியும்."
மிதித்தேன். எஞ்சின் அலறியது.
எண் அசையவில்லை.
"வரவு கிடையாது. செங்கோட்டையிலேர்ந்து
முதலை எடுத்துத் தின்னுக்கிட்டு வந்திருக்கீரு."

பேட்டரிக் கிளிப்பைக் கழற்றிப் பார்ப்போமா என்றேன்,
என் பழைய முதலாளி அப்படித்தான் பார்ப்பார்.
என் கையைத் தட்டிவிட்டார்.
"இது டீசல். டைனமோ செத்தாலும் ஓடத்தான் செய்யும்.
உயிரோட இருந்தா நீரு கழட்டுன வேகத்துல
டயோடு வெந்துரும்.
சீக்காளியான்னு பாக்கக் கழுத்தை நெரிப்பாங்களா?"

பெல்ட்டைக் கட்டைவிரலால் அமுக்கினார். அரை அங்குலம், சரி.
ஸ்குரூடிரைவர் நுனியை
சுற்றுகிற டைனமோவின் முதுகருகே கொண்டுபோனார்.
நல்லதென்றால் வெடுக்கென்று இழுக்குமாம்.
இழுக்கவில்லை.
என்னிடமும் கொடுத்தார். என் கையிலும்
அது வெறும் இரும்பாகவே இருந்தது.

"சாவி போட்டதும் சிவப்பு எரிஞ்சுதா?"
"இல்லை. அது நல்லதுதானே?"
டார்ச்சை என் முகத்துக்கே திருப்பினார்.
"அந்த லைட் வழியாத்தான் வே
முதல் சொட்டுக் கரண்டு உள்ள போகும்,
காந்தம் பிறக்கும்.
அது எரியலைன்னா உள்ள வழியே இல்லை.
பிரஷ் தேஞ்சிருக்கும். செங்கோட்டைக் கடை
ஒம்பது மணிக்குத் திறப்பான்."

போன் அடித்தது. புனலூர் ஷிபு.
"அண்ணா, பூ எவிடெ எத்தி?"
மைதீன் பிச்சை முகப்பு விளக்கை அணைத்தார்,
பாட்டை அணைத்தார், விசிறியை அணைத்தார்.
மீட்டர் பதினொன்றரைக்கு ஏறி மூச்சு விட்டது.
"எஞ்சினை மட்டும் அணைச்சிராதீரும்.
ஹார்னை வளைவுக்கு வச்சுக்கும்.
வெளிச்சம் வரட்டும், போவோம்."
போவோம் என்றாரே தவிர அவர் வரவில்லை.
ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டு படுக்கப் போனார்.

மணி அஞ்சே முக்கால். மலை சாம்பல் நிறமானதும் கிளம்பினேன்.
ஆரியங்காவு வரை ஹார்ன் தவளையாய்க் கத்தியது,
அப்புறம் அதுவும் இல்லை.
ஒவ்வொரு வளைவிலும் கதவைப் புறங்கையால் அறைந்தேன்.
எதிரே வந்த ரப்பர் லாரிக்காரன்
பைத்தியம் என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டான்.

புனலூரில் மூட்டை இறக்கும்போது ஷிபு
எஞ்சினை நிறுத்தச் சொல்லிக் காதைப் பொத்தினான்.
பழக்கத்தில் என் கை போய்விட்டது.
நல்லவேளை, பாதியில் நின்றது.
நடுங்குகிற வண்டியிலிருந்து வாடாமல்லி
ஒவ்வொன்றாய் ரோட்டில் உதிர்ந்தது.
பொறுக்க நேரமில்லை.

இப்போதெல்லாம் சாவி திருகியதும்
முதலில் அந்தச் சிவப்பைத் தேடுகிறேன்.
எரிந்தால்தான்
கியரில் கை வைக்கிறேன்.