சுண்ணக்கட்டிக் கடற்கன்னி

ஆண்டுக்கு முப்பது பவுன் சம்பளம்.
எஜமானி கழித்துப்போட்ட கையுறைகளும் உண்டு.
என் பெயர் ஆக்னஸ் பர்டாக்.
யாரும் கேட்பதில்லை, நானாகச் சொல்லிவைக்கிறேன்.

அன்று மாலை பாவாடை விளிம்பைத் தைக்க உட்கார்ந்தால்
கத்தரிக்கோலைக் காணோம்.
நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுக் கிளம்பினேன்.

செல்டன்ஹாம் நடன மண்டபத்தில்
தரை முழுக்கச் சுண்ணக்கட்டியால்
ஒரு கடற்கன்னியை வரைந்திருந்தார்கள்.
ஆடுகிற கால் வழுக்காமலிருக்க இந்த ஏற்பாடு.
விடியலிலிருந்து மண்டியிட்டு வரைந்தவன்
விளக்கேற்றுமுன் பின்வாசலால் போய்விட்டான்.
முதல் ஆட்டத்திலேயே அவள் முகம் போயிற்று.
அடுத்ததில் கூந்தல்.

எங்கள் மிஸ் தியோடோசியா த்ரெல்கெல்டுக்கு
வயது இருபத்தேழு.
சுவரையொட்டிய நான்காவது நாற்காலி அவளுடையது என்று
பலகை மாட்டவில்லை, அவ்வளவுதான்.
சாம்பல் நிறப் பட்டு.
மணிக்கட்டில் தொங்கும் நடன அட்டை.
அதில் கட்டிய பென்சிலின் கூர்
வாங்கிய அன்று இருந்தபடியே இருந்தது.

கேப்டன் ஹெஸ்கெத் ரட் இரண்டு முறை கடந்து போனார்,
சிவப்புக் கோட்டும்
அதற்குள் நிறையக் கடனுமாக.
எங்கள் அம்மாளின் சொத்து எவ்வளவென்று
யாரோ அவரிடம் சரியாகச் சொல்லியிருக்க வேண்டும்.
மூன்றாம் முறை வரவில்லை.

பத்தரை மணிக்கு ஜெர்வேஸ் பிரபு நுழைந்தார்.
விசிறிகளெல்லாம் ஒரே நேரத்தில் வேகம் பிடித்தன.
"ஓநாய் வந்தாயிற்று, ஆடுகளை எண்ணிக்கொள்ளுங்கள்"
என்றாள் ஆர்ம் சீமாட்டி.
எழுபது வயதும் குத்தகை வருமானமும் இருந்தால்
எதையும் உரக்கச் சொல்லலாம்.

மூன்று துப்பாக்கிச் சண்டை,
அழவைத்த விதவைகள் எத்தனையோ என்று
ஊர் அவருக்குக் கணக்கு எழுதிவந்தது.
தாடைத் தழும்புக்கு மட்டும் ஏழு கதைகள்.
எட்டாவது எனக்குத் தெரியும்;
அவர் வீட்டுச் சலவைக்காரி என் சிநேகிதி.
ஆறு வயதில் ஒரு வாத்து துரத்த
ஓடிப்போய் வேலிக்கதவில் விழுந்திருக்கிறார்.

கடற்கன்னியின் இடுப்பை மிதித்து
நேராக நான்காவது நாற்காலிக்கு வந்தார்.
"இந்த வால்ட்ஸ்..."
"செருப்பின் அடி பிய்ந்துவிட்டது, பிரபு."
பாவாடை நுனியிலிருந்து பாதத்தைக் கொஞ்சம் நீட்டினாள்.
உண்மைதான். மீன் வாயைப்போல் பிளந்திருந்தது.

வணங்கிவிட்டு நகர்வதுதான் முறை.
அவர் உட்கார்ந்தார்.

ஆடியிருந்தால் அரைமணியில் மறந்திருப்பார்கள்.
உட்கார்ந்ததை
பனிக்காலம் வரை மெல்லுவார்கள்.

வயலின்களுக்கு நடுவே
எனக்கு ஒரே ஒரு சொல் கேட்டது: வாத்து.
அவர் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார்.
அவளும் சிரித்தாள், மூக்கால், பன்றிக்குட்டி மாதிரி,
வெளியில் அப்படிச் சிரிக்காதே என்று
நான் எத்தனையோ முறை சொல்லியும்.
மேலிருந்து மெழுகு என் தோளில் சொட்டியது.
நான் அசையவில்லை.
அந்தக் கதையை அவளுக்குத் தலைவாரும்போது
சொன்னதே நான்தான்.

வண்டி வரும்வரை காத்திருந்த நேரத்தில் பார்த்தேன்:
மண்டபம் முழுக்க வெள்ளைப் புழுதி.
நான்காவது நாற்காலிக்கு முன்னால் மட்டும்
வாலின் செதில்கள், ஒன்றுகூட அழியாமல்.

ஜூனில் கல்யாணம்.
அடங்காத ஆண்மகனை அடக்கியது
இந்தப் பெண்ணின் அடக்கம் என்றார் பாதிரியார்.
ஆர்ம் சீமாட்டிக்கு இருமல் வந்தது.

பெட்டிகள் கட்டும்போது
அந்தச் செருப்பை என்னிடம் கொடுத்தாள்.
"தைத்துப் போட்டுக்கொள், ஆக்னஸ்."
கண்ணைப் பார்க்கவில்லை.
கூடவே என் கத்தரிக்கோலையும் வைத்தாள்,
கட்டிலுக்கடியில் கிடந்ததாம்.

ஜன்னலோரம் கொண்டுபோய்த் திருப்பிப் பார்த்தேன்.
தானாகப் பிய்ந்த தையலில் நூல் பிசிறும்.
இதில் பிசிறே இல்லை.
விரல் நுனியிலிருந்து பாதி அடிவரை
நிதானமான, நேரான வெட்டு.

தைத்துவிட்டேன்.
அவள் காலைவிட என் கால் பெரிது, கடிக்கிறது.
ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் போடுகிறேன்.