பதினொன்று புள்ளி நான்கு

அவனியாபுரத்தில் எங்கள் மையத்துக்குக்
கழிப்பறைக் கதவு வர இரண்டு வருடம் ஆனது.
எடை எந்திரம் மட்டும் கேட்காமலே வந்தது,
பேட்டரி இல்லாமல்.
வீட்டுச் சுவர்க்கடிகாரத்திலிருந்து
பிடுங்கிக்கொண்டு வந்து போட்டேன்.
அதனால் இங்கே எடை சரி.
வீட்டில் எப்போதும் நாலே கால்.

மாதத்தின் முதல் புதன்.
அழுகிற பிள்ளைக்கு எடை நிற்காது,
எண் துள்ளிக்கொண்டே இருக்கும்.
ஈரத்தில் பாதி உதிர்ந்த சுவர் யானையைக் காட்டி
"இந்தா பாரு, வாலு எங்கே?" என்பாள் சோலையம்மா.
பிள்ளை வாலைத் தேடி மூச்சை நிறுத்துகிற
ஒரு நொடியில்
நான் எண்ணைப் பிடித்துவிட வேண்டும்.

முகிலரசு ஏறினான்.
மூன்று வயது முடிந்து நாலு நாள்.
அரைஞாண் கயிறு, தாயத்து, மூக்குச்சளி உட்பட
பதினொன்று புள்ளி நான்கு.
ஆறு மாதம் மஞ்சளில் கிடந்தவன்
போனில் பச்சையானான்.
நான் கைதட்டினேன். சோலையம்மா தட்டினாள்.
என்னவோ ஏதோ என்று பிள்ளைகளும் தட்டினார்கள்.
அவன் அம்மா முத்துச்செல்வி தட்டவில்லை.

வில்லாபுரத்து அப்பளக் கம்பெனியில்
கிலோக் கணக்குக் கூலி அவளுக்கு.
விரலிடுக்கு உளுந்தமாவைச் சேலையில் துடைத்தபடி
பக்கத்தில் வந்தாள்.
"பச்சைன்னா அந்த மாவு பாக்கெட்டு
நின்னுரும்ல டீச்சர்?"

நிற்கும்.

"அத இவன் ஒருத்தனா தின்னான்?
பெரியவ பள்ளிக்கூடம் விட்டு வந்து
வெல்லம் போட்டுப் பெசஞ்சு அதத்தான்...
ஒரு எரநூறு கொறச்சு எழுதுங்களேன்."

எழுத முடியாது என்றேன்.
அவள் கோபப்படவில்லை.
"எங்க கம்பெனித் தராசு
தெனமும் கிலோவுக்கு நூறு முழுங்குது.
உங்க தராசு மட்டும் எதுக்கு டீச்சர்
இம்புட்டு நெசம் பேசுது?"

பதினெட்டு வருடமாக எழுதுகிறேன்.
கர்ப்பிணிகள் பதிவேடு, தடுப்பூசிப் பதிவேடு,
தேர்தல் வந்தால் வாக்காளர் பட்டியல்,
ஒருமுறை தெருநாய்க் கணக்குகூட.
இந்தக் கேள்விக்குப் பதில் எழுத
எதிலும் ஒரு கட்டம் இருந்ததில்லை.

சேமி என்பதை அமுக்கினேன்.
வட்டம் சுற்றியது, சுற்றியது.
தலைக்கு மேல் விமானம் இறங்க
பிள்ளைகள் கத்திக்கொண்டு வாசலுக்கு ஓட
எங்கிருந்தோ டவர் வந்து
பச்சை உள்ளே போய்விட்டது.

எடையில் நான் பொய் எழுதவில்லை.

மறுநாள் வியாழன், முட்டை நாள்.
லித்திகா ஊரைவிட்டுப் போய் மூன்று வாரம்.
அப்பாவுக்குத் திருப்பூரில் வேலையாம்,
பேரை நீக்கச் சொல்லி யாரும் வரவில்லை.
அவள் செருப்பில் ஒன்று இன்னும் கதவுக்குப் பின்னால்.
வருகைப் பதிவில் அவள் பேருக்கு நேரே
என் பேனா ஒரு கோடு இழுத்தது.
ஓடு உரிக்காத முட்டை ஒன்று
முகிலரசின் டவுசர் பைக்குள் போனது,
அக்காவுக்கு.
சோலையம்மா பார்த்தாள்.
பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாகக் கழுவினாள்.

"லித்திகா எப்படி?" என்று கேட்ட மேற்பார்வையாளரிடம்
"நல்லா சாப்பிடுறா மேடம்" என்றேன்.
நன்றாகத்தான் சாப்பிட்டாள்.
வாரம் மூன்று முட்டை,
ஒருநாள்கூட அடம்பிடிக்கவில்லை.

இன்று மறுபடி முதல் புதன்.
போன் வரிசையாகப் பேர் கேட்கிறது.
முகிலரசு, பதினொன்று புள்ளி மூன்று.
யாழினி.
பிறகு லித்திகா.
யானைக்கு வால் எங்கே என்று
யாரிடம் கேட்பாள் சோலையம்மா?
திருப்பூரில் எந்த லைன் வீட்டில் இருக்கிறாளோ,
ஏறினாளோ, இளைத்தாளோ.
கட்டம் காலியாக மினுக்குகிறது.
பத்து என்று போட்டேன், அழித்தேன்.
பத்து புள்ளி ஐந்து. அழித்தேன்.

பிள்ளைகள் தூங்கிய பிறகு
அந்தச் செருப்பை எடுத்து
எந்திரத்தின் மேல் வைத்துப் பார்த்தேன்.
அது கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

"டீச்சர், நாளைக்குப் பருப்பு பத்தாது"
என்றாள் உள்ளேயிருந்து சோலையம்மா.