உட்கார்ந்தால் பத்தொன்பது

தொங்குரயில் தலைக்கு மேலே போகும்போதெல்லாம்
கடைக் கண்ணாடி ஒருமுறை நடுங்கும்.
வூப்பெர்டாலில் நான் கொத்துரொட்டிக் கடை போட்ட
இரண்டாம் வருடம்
வரி அலுவலகத்துச் சாம்பல் உறை வந்தது.
கை நடுங்கியதும் ரயிலால்தான்
என்று சொல்லிக்கொண்டேன்.

தவநேசன் அண்ணை கேள்விப்பட்ட அன்றே வந்துவிட்டார்.
"பேப்பரை என்னட்டத் தா பிள்ளை,
மிச்சத்தை மறந்துபோ."
படித்த பத்திரம் எதுவும் அவரிடம் இல்லை.
கார் டிக்கியில் பதினொரு கடைகளின் கணக்கு,
வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில்.
மேலே கிடந்த ஃபைலில் என் மச்சாளின் பெயர்,
அவளுடைய வாடகை, அவளுடைய கடன்.
எனக்குத் தெரிய வேண்டாத இலக்கங்கள்.
தேத்தண்ணி கொடுத்தேன்.
பேப்பரைக் கொடுக்கவில்லை.

நகர நடுவில் ஒரு பெரிய அலுவலகம்,
லிஃப்டுக்குள்கூடக் கம்பளம்.
கோட் போட்ட பொடியன் மாத வரவைக் கேட்டான்.
சொன்னேன்.
பேனாவை மெல்ல மூடினான்.

பிறகுதான் பிரிங்ஷுல்ட் அம்மா.
காதுக்கருவி விற்கும் கடைக்கு மேல்மாடி.
என் சப்பாத்துப் பெட்டியை மேசையில் கவிழ்த்தாள்.
எண்ணெய் ரசீது, காஸ் பில், மீன்காரனின் கிறுக்கல்,
நடுவில் மகளின் பல்வைத்தியச் சீட்டு.
அதை மட்டும் தூசு தட்டி எடுத்து,
"இது கடையின் பல் இல்லை" என்று
திருப்பித் தந்தாள்.

"இருந்து சாப்பிடுகிறவருக்கு எத்தனை வீதம் வரி அடிக்கிறீர்கள்?"
"ஏழு."
"கட்டிக்கொண்டு போகிறவருக்கு?"
"ஏழு."
கண்ணாடியைக் கழற்றினாள்.

மெஷினைப் பழசாக வாங்கியிருந்தேன்,
வீதமும் பழசு.
ரொட்டி ஒன்றுதான், கறி ஒன்றுதான்.
கொண்டு போனால் ஏழு,
உட்கார்ந்தால் பத்தொன்பது என்கிறது இந்த ஊர்ச் சட்டம்.
வருகிறவரை நிற்க வைக்கக் கூடாதென்று
நாலு கதிரை வாங்கிப் போட்டவள் நான்.

ஆயிரத்து முந்நூற்றுப் பதினாறு யூரோ
கட்ட வேண்டும் என்றாள்.
ஐயோ பாவம் என்று சொல்லவில்லை.
தவணை கேட்டு அப்போதே எழுதினாள்.
பிறகு தலை நிமிராமல்,
"உங்களுக்கென்று மாதம் எவ்வளவு எடுக்கிறீர்கள்?"
அவளுடைய ஜெர்மன் விளங்கியது.
கேள்விதான் விளங்கவில்லை.
அப்படியொரு வரி
என் கொப்பியிலேயே இல்லை.

"அண்ணை காசு கேக்கமாட்டார்,
இவளுக்கு மணிக்கணக்கில் அழவேணும்" என்றார்
வீட்டில் இவர்.
அவளுடைய பில்லையும் செலவில் எழுதலாமாம்,
அவளே சொன்னாள் என்றேன்.
சிரிக்கவில்லை.

நவம்பரில் ஒரு மத்தியானம் கடைக்கு வந்தாள்.
கட்டித் தரச் சொன்னாள், ஏழில் அடித்தேன்.
கதவைத் திறந்தால் சாய்ந்து அடிக்கிறது மழை.
மேலே ரயில். கண்ணாடி நடுங்கி நின்றது.
திரும்பி வந்தாள்,
ஈரக் குடையைச் சுவரில் சாத்தி
மூலைக் கதிரையை இழுத்தாள்.
பார்சலை அவிழ்க்க முதல்
பில்லை என்னிடம் நீட்டினாள்:

"மாற்றி அடியுங்கள்."