நவம்பர் ஜெபக் கடிதம்: எழுதாமல் விட்டவை

முதல் வாரம் வகுப்பில் கையை உயர்த்தி
'கேளுங்கள்' என்று சொல்லப் போய்
'சாகுங்கள்' என்று சொல்லிவிட்டேன்.
பெம்பா மொழியில் இரண்டுக்கும் நடுவே
உதடு மூடித் திறக்கும் ஓர் 'உம்' மட்டுந்தான்.
நாற்பத்தேழு பிள்ளைகளும் ஒரு கணம் யோசித்தார்கள்.
பிறகு பெஞ்சில் தலைசாய்த்துச் செத்தார்கள்.
சோலா நாக்கைத் துருத்திக்கொண்டு
கொஞ்சம் அதிகமாகவே செத்தான்.

கடிதத்தில் எழுதியது:
மொழி கற்கிறேன், ஜெபித்துக்கொள்ளுங்கள்.

காலை ஐந்தரைக்குத் தண்ணீர்.
கைப்பம்பு முப்பது அடிக்குப் பிறகுதான் இருமத் தொடங்கும்.
பெண்கள் என்னை வரிசையில் முன்னால் விடுவார்கள்.
மரியாதை என்று நெடுநாள் நினைத்திருந்தேன்.
என் வாளி சின்னது,
சீக்கிரம் ஒழிவேன், அவ்வளவுதான்.

ஏழுக்கு ஜெபம்.
நான் கண்ணை மூடினால்
யாராவது சன்னல் வழியே போய்விடுகிறார்கள்.
ஆகவே இந்த ஊரில்
கண்ணைத் திறந்துகொண்டே கர்த்தரிடம் பேசுகிறேன்.
அவருக்கும் அது பழகியிருக்கும்.

நவம்பரில் மழை இறங்கியது.
வருகைப் பதிவேட்டில் நாற்பத்தேழு,
மறுநாள் முப்பத்தொன்று,
வெள்ளிக்கிழமை ஒன்பது.
கசுபா என்றால் சூரியன்.
"கசுபா?" என்று பெயர் வாசிக்கிறேன்.
"வரவில்லை, பாமாடமு."
"புழு வந்துவிட்டதே" என்றார் தலைமையாசிரியர் முசெங்கே,
அதுவே விடுப்புக் கடிதம் என்பதுபோல.

சனிக்கிழமை போதகரின் சைக்கிளை இரவல் வாங்கி
பதினொரு கிலோமீட்டர் மிதித்தேன்.
அத்தனையையும் திரும்ப அழைத்துவருவதாகத் திட்டம்.
கல்வியின் அவசியம் பற்றி
இலக்கணப் பிழையில்லாமல் ஒரு பிரசங்கம்
வழி நெடுக மனதில் தயாராகிக்கொண்டு வந்தது.
நடுவில் சங்கிலி இரண்டு முறை கழன்றது.

காட்டுக்குள் முட்டோண்டோ மரங்களின் கீழே
ஊரே குடிபெயர்ந்திருந்தது.
புல்வேய்ந்த குடில்கள், புகை, சாம்பல்மேல் காயும் புழுக்கள்.
பனா கசுபா எனக்கு ஒரு முக்காலி போட்டாள்.
மடியருகே நிறைந்த வாளியை வைத்தாள்.
'எதற்கு வந்தாய்' என்று யாரும் கேட்கவில்லை.
வாளியோடு ஒருத்தி உட்கார்ந்திருந்தால்
எதற்கென்று கேட்க என்ன இருக்கிறது?

தலையைப் பிடித்து, கட்டைவிரலால் வால்வரை அழுத்த வேண்டும்.
பச்சைக் குடல் பீய்ச்சிக்கொண்டு வரும்.
என் முதல் புழு என் கண்ணாடிமேல் பீய்ச்சியது.
கசுபா சிரிக்கவில்லை.
அவள் சிரிக்காததுதான் வலித்தது.

திடீரென்று "உம்ஃப்வேனி" என்றாள், 'உம்' தெளிவாக.
கேட்டேன்.
மரமெங்கும் சன்னமாகத் தூறல்.
வானம் வெளுத்துக் கிடந்தது.
"மழையா?"
"இல்லை, பாமாடமு. மேலே தின்கிறார்கள்.
தின்றுவிட்டுப் பேள்கிறார்கள்."
என் தலைமேல், தோள்மேல், வேதாகமப் பைமேல்
கருப்பு மணிமணியாக.

ஒரு டின் நாற்பத்தைந்து க்வாச்சா.
பன்னிரண்டு டின்னுக்கு எவ்வளவு என்றேன்.
கையில் மீந்த ஆறை மறந்துவிட்டு
நானூற்றெண்பது என்றாள் கசுபா.
மூன்று வாரமாக அதே ஆறு.
மண்ணில் குச்சியால் போட்டுக் காட்டினேன்.
அன்று முழுவதும் அந்த ஒரு நிமிடந்தான்
நான் ஆசிரியை.
பிரசங்கம் எங்கே போனதென்று தெரியவில்லை.

இருட்டும்போது உப்பிட்டு வறுத்தார்கள்.
வாயில் போட்டால் கூனிப்பொடியின் சொந்தக்காரன்.
"நீங்கள் ஜெபியுங்கள்" என்றார்கள்.
நெருப்பைச் சுற்றி முப்பது பேர்.
கண்ணை மூடினேன்.
யாரும் எழுந்து போகும் ஓசையில்லை.
பழக்க தோஷம், பாதியில் ஒரு கண்ணைத் திறந்தேன்.
எதிரே சோலாவும்
ஒரு கண்ணைத் திறந்து வைத்திருந்தான்.
இருவரும் மூடிக்கொண்டோம்.

கடிதத்தின் கடைசிப் பத்தியில்
'ஆதாயமான ஆத்துமாக்கள்' என்று ஒரு கட்டம் இருக்கிறது.
திங்கள் இரவு விளக்கடியில் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
கட்டைவிரலில் பச்சை இன்னும் போகவில்லை,
தாளின் ஓரத்திலும் கொஞ்சம் ஒட்டியது.
எழுதினேன்:
இந்த வாரம் வருகை ஒன்பது.
மழைக்காக ஸ்தோத்திரம்.