மூன்றேகால்

மூன்றேகால் மணிக்கு எழுகிறான் ரேவாஸ்.
அலாரம் கிடையாது.
உடம்புக்குள் ஒரு சேவல் கழுத்தை நீட்டும்,
கால்கள் தரையைத் தேடும்.

எனக்கு அப்போதுதான்
ஊசித் துளை பெரிதாகத் தெரியும்.
ஓபராவில் மூன்றாவது வேலைக்காரியாக வருபவளின்
ரவிக்கைக்கு முத்து வைத்துக்கொண்டிருப்பேன்
அடுக்களை விளக்கடியில்.

யாமம் என்னுடையது. வைகறை அவனுடையது.
இரண்டும் உரசும் இடத்தில்
கால்மணி நேரம் குடும்பம் நடத்துகிறோம்.
எரிவாயு பில், எலிசோவின் பல் கம்பி,
அவன் தம்பி திருப்பித் தராத கார்.
ஊடலும் அதற்குள் முடிந்தாக வேண்டும்,
நீண்டால் கடையில் மாவு புளித்துவிடும்.

திபிலிசியின் சரிவுத் தெருவில்
அவன் செருப்போசை இறங்கியதும்
அவன் விட்டுப்போன பள்ளத்தில் படுப்பேன்.
இருபத்திரண்டு வருஷமாக
இந்தக் கட்டில் எனக்குக் குளிர்ந்ததில்லை.

எலிசோவுக்குப் பதினான்கு.
காலையில் பாறை, நள்ளிரவில் அணில்.
"உன் ரத்தம்" என்பான் அவன்,
கடன் பத்திரத்தை என் பக்கம் தள்ளுவதுபோல.

போன நவம்பரில் ரொட்டி அடுப்பு விரிசல் கண்டது.
புது மண் காயப் பத்து நாள்.
முதல்முறையாக ஒன்றாக விளக்கணைத்தோம்,
புதுசாகக் கட்டிக்கொண்டவர்கள்போல
எந்தப் பக்கம் யாருக்கென்று தெரியாமல்.
நான் புரண்டேன். அவன் பல்லைக் கடித்தான்.
சேவலோ வேளை தவறாமல் எழுந்து
போக இடமில்லாமல் வீட்டைச் சுற்றியது,
கதவுக் கீல்களுக்கு எண்ணெய் விட்டது,
என் நூல்கண்டுகளை நிறவாரியாக அடுக்கித் தொலைத்தது.

ஐந்தாம் நாள் சண்டை.
நேரம் இருந்தது, அதனால் நீண்டது.

எட்டாம் நாள் கேட்டான்:
"தூக்கத்தில் யாரோடு பேசுகிறாய்?"
நான் பேசுவேன் என்பதே
எனக்கு அன்றுதான் தெரியும்.
"என்ன சொன்னேன்?"
தேநீரை ஆற்றிக்கொண்டே இருந்தான்,
அது ஏற்கெனவே ஆறியிருந்தது.

பதினோராம் நாள் அடுப்பு பற்றியது.
மூன்றேகால்.
சட்டைப் பொத்தானைத் தப்பாகப் போட்டபடி
நிலைப்படியில் நின்றான்.
"சூடு போகுமுன் போய்ப் படு.
நேற்றும் அதையேதான் சொன்னாய்."

எதை என்று கேட்பதற்குள்
தெருவில் செருப்போசை.

இன்னும் ஏழு முத்து பாக்கி.
விளக்கை அணைத்தேன்.