அடிவயிறு

பகலில் நான் பல் செய்கிறவள்.
போர்ட்டேஜ் அவெனியூவில் மூன்றாம் மாடி,
ரெசின் கடைவாய்ப் பற்கள், நாளொன்றுக்குப் பதினெட்டு.
ஆகவே பொதி வந்த மாலை
அந்த மணம் எனக்குப் புதிதில்லை.

சாம்பல் நிறத்தில் ஒரு காக்பிட்.
உள்ளங்கையில் வைத்தால் பேரீச்சங்கொட்டை.
பெட்டியோடு வந்த பிளாஸ்டிக் இருக்கை வெறும் நாற்காலி;
இதிலோ பட்டியின் மடிப்பு, கொளுக்கியின் துளை,
இழுத்தால் ஆளை வெளியே எறிகிற வளையம்.

பாத்திரம் கழுவும் சோப்பில் ஊறவைத்தேன்,
அச்செண்ணெய் போகாவிட்டால் நிறம் பிடிக்காது.
வார்ப்புக் கட்டையைத் தண்ணீருக்குள் வைத்தே அறுத்தேன்,
தூள் நுரையீரலுக்கு ஆகாது.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
யன்னல் திறக்க முடியாத மாதங்களில்
வினிபெக்கில் எல்லாரும்
தங்கள் தங்கள் தூளோடு வாழ்கிறார்கள்.

பொருந்தும் என்று தாளில் எழுதியிருந்தது.
பொருந்தவில்லை.
உடற்கூட்டின் உட்சுவரைச் சுரண்டினேன்,
விளக்கின் முன் பிடித்தால் வெளிச்சம் ஊடுருவும்வரை,
முட்டைக் கோது போல.
வைத்துப் பார்த்தேன். மறுபடி சுரண்டினேன்.
ஒன்பதாம் தடவை 'டக்' என்று உட்கார்ந்தது,
ஒரு பல் உட்காருகிற அதே சத்தம்.

மூக்கில் பாரம் இல்லாவிட்டால் வால் குத்தி நிற்கும்.
கீழ்வீட்டு டாரில், கிம்லியில்
ஏரிப் பனியைத் துளைத்து மீன் பிடிக்கிறவர்,
நாலு ஈயக் குண்டு தந்தார்.
"என்ன விமானம்?"
"கிபிர்" என்றேன்.
அந்தச் சொல்லைச் சாதாரணக் குரலில்
நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

கணக்குப் போட்டேன், பழக்கதோஷம்.
ஒன்றுக்கு நாற்பத்தெட்டு.
பதினொரு வயது நான், மூன்று சென்டிமீட்டர் வரமாட்டேன்.
பங்கர் ஒரு தீப்பெட்டி.
மண்மூட்டை ஒவ்வொன்றும் ஒரு புளியங்கொட்டை.
அது பறந்த உயரம், பத்து மாடி.
கையை நீட்டித் தலைக்கு மேல் பிடித்தேன்:
இவ்வளவு கிட்ட அது வந்ததே இல்லை.

பிறகு ஓரிரவு
வாய்க்குள் விட்டுப் பார்க்கும் சின்னக் கமெராவை
இரவல் வாங்கி வந்து இருக்கையில் வைத்தேன்.
முன்னால் மூக்கு மறைத்தது.
பக்கத்தில் காற்றுவாய். பின்னால் இறக்கை.
நேர் கீழே ஒன்றும் தெரியவில்லை.
மேசை தெரியவில்லை.
விமானத்தைத் தாங்கியிருந்த என் கை தெரியவில்லை.
இருபத்தாறு வருடமாக
அவன் எங்களைப் பார்த்தான் என்றே இருந்தேன்.
இது ஆறுதலா என்று கேளாதீர்கள்.

பைலட்டும் வந்திருந்தான், தனிப் பையில்.
முகம் ஒரு பயறளவு.
மூன்று ஞாயிறு, ஒற்றை மயிர்த் தூரிகையால்
கண் வைக்கப் பார்த்தேன்.
எங்கே பார்க்கிற மாதிரி என்று முடிவாகவில்லை.
இப்போது இழுப்பறையில்,
திருப்பியனுப்பப்பட்ட பற்களோடு கிடக்கிறான்.

மார்ச்சில் சமூக மண்டபத்தில் போட்டி.
நடுவர் ஓரெஸ்ட் மெல்னிக்
டார்ச்சும் பல் வைத்தியரின் குட்டிக் கண்ணாடியுமாக
(என் தொழிற்கருவி, அவர் கையில்)
விமானத்தின் கீழே குனிந்தவர்
வெகுநேரம் நிமிரவில்லை.
எண்ணெய் ஒழுகிய கோடு, புகைக் கறை,
சக்கரக் கதவின் விளிம்புத் தேய்வு,
குண்டு தொங்கும் கொளுக்கிகள், வெறுமையாக.
"மேற்பக்கம் படம் பார்த்துச் செய்தது மாதிரி இருக்கிறது.
கீழ்ப்பக்கத்துக்கு ஏன் இவ்வளவு பாடு?
அங்கே யாரும் பார்ப்பதில்லையே."
"நான் பார்த்தது அந்தப் பக்கம்தான்."

குறிப்பேட்டில் ஏதோ எழுதினார்.
மூன்றாம் பரிசு.
இடது இறக்கையில் பொருத்துக் கோடு தெரிகிறதாம்.
நியாயம்தான், தெரிகிறது.

பஸ்ஸில் மடியில் சப்பாத்துப் பெட்டி.
பெம்பினா சாலைக் குழியொன்றில் பஸ் எகிற
உள்ளே 'டிக்'.
மூக்கு நுனிக் குழாய் முறிந்திருக்கும்.
பரவாயில்லை. அந்த இடத்துக்கு ரெசினை விட
இன்சுலின் ஊசி நன்றாக நிற்கும்.
டாரிலிடம் இருக்கிறது,
கேட்டால் தருவார்.