ஆறாவது கேள்வி

படிவத்தில் ஆறாவது கேள்வி:
உடம்பில் எங்கேனும் உலோகம் உண்டா?

கடைவாய்ப் பல்லில் ஒன்று, என்றேன்.
வேறு?
வலது தொடையில் ஒன்று.
எப்படி வந்தது என்று எழுத
படிவத்தில் கோடு விடவில்லை.
நெத்மி பேனையை மூடினாள், திறந்தாள்,
"தலையில் இல்லைத்தானே?" என்றாள் சிங்களத்தில்.
தலையில் இல்லை.
படம் பிடித்துப் பார்த்தார்கள்.
உழுந்தளவு வெள்ளைப் புள்ளி,
பதினாறு வருசமாக வாடகை தராத குடித்தனம்.

பழைய சோனகத் தெருவில் இரும்புக்கடைக் காசாளர் நான்.
என் லாச்சியில் நூல் கட்டிய காந்தம் ஒன்று கிடக்கும்.
பெடியன் ஆணிப்பெட்டியைக் கொட்டிவிட்டால்
தரையோடு இழுத்துப்போக
முள்ளம்பன்றியாய் எழும்பி வரும்.
அதனால் டொக்டர் காந்தம் என்றதும் கேட்டேன்:
என் தலைக்குள் எதைப் பொறுக்கப் போறீங்கள்?
அவர் சிரிக்கவில்லை.
பொறுக்கிறதில்லை, தட்டுறது, என்றார்.
நித்திரையான வாட்ச்சரை எழுப்ப
கேற்றைத் தட்டுறமே, அப்படி.

அதற்கு முன் இரண்டு வருசம், மூன்று வகைக் குளிசை.
ஒன்று உடம்பை ஊதவைத்தது.
ஒன்று நாக்கைக் காயவைத்தது.
மூன்றாவது ஒன்றுமே செய்யவில்லை;
அதன் நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

காசு அனுப்பியது ஸ்காபரோ மச்சாள்.
பல்லுக்கு என்று சொல்லிவைத்தேன்.
வீடியோவில் வந்து
"எங்கே, ஒருக்காச் சிரி பாப்பம்" என்கிறாள்.

காதுப்பூவும் கொண்டையூசியும் பிளாஸ்டிக் தட்டில்.
தலையில் துணித்தொப்பி, அதில் பேனையால் புள்ளடி.
எட்டுப்போல் வளைந்த சுருளை வைத்து
இடம் தேடித் தேடித் தட்டினாள் நெத்மி.
வலக்கைப் பெருவிரல் துள்ளியது.

நான் சொல்லவில்லை.
நினைக்கக்கூட இல்லை.
ஒரு கோப்பைத் தேத்தண்ணி தூக்க
இரண்டு வருசமாக என்னோடு பேரம்பேசிய கை அது.

பிறகு சுருள் இடப்பக்க நெற்றிக்கு நகர்ந்தது.
நான்கு விநாடி தட்டல்
இருபத்தாறு விநாடி ஓய்வு
நான்கு விநாடி தட்டல்.
அந்தச் சத்தம் எதைப்போல இருந்தது என்று
நான் சொல்லப்போவதில்லை.
உவமை வேண்டியவர்கள் என் தொடையைக் கேட்கட்டும்.
மரங்கொத்தி, என்றாள் நெத்மி.
சரி.
மரங்கொத்தி.

மூன்றாம் நாள் தலையிடி.
எட்டாம் நாள், ஒன்றுமில்லை.
பதினோராம் நாள் கட்டிலால் இறங்க மனமில்லை.
மழை, வர ஏலாது, என்று போனில் சொன்னேன்.
ஜன்னலுக்கு வெளியே வெள்ளவத்தை முழுக்க வெயில்.
"இங்கேயும் சரியான மழை மிஸ்,
நாளைக்கு விட்டுரும்" என்றாள்.

பதினேழாம் நாள்
நாரஹேன்பிட்டியில் நூற்றி நாற்பத்தொன்றில் ஏறி
நூறு ரூபாத் தாளைக் கொடுத்தேன்.
அறுபது ரூபா தூரம்.
கொண்டக்டர் தாளை விரலிடுக்கில் செருகிக்கொண்டு
முன்பக்கம் போய்விட்டான்.
திம்பிரிகஸ்யாய தாண்டியது.
ஹவ்லொக் வீதி தாண்டியது.
பகல் முழுக்க ஊரார் காசை எண்ணுகிற நான்
இரண்டு வருசமாக
என் மிச்சக்காசை யாரிடமும் கேட்டதில்லை.
கேட்டு வாங்கி
எதற்கு என்று இருந்தது.

"மல்லி, இதிரி சல்லி!"

பின் சீற்றில் தூங்கியவர் எழும்பிவிட்டார்.
யாருடைய குரல் என்று நானும் திரும்பிப் பார்த்தேன்.
முப்பது தந்தான்.
பத்துக் குறையுது, என்றேன்.
முறைத்தான்.
நானும் முறைத்தேன்; நல்லாய் இருந்தது.

இறங்கி, மீன்கடையில் பாரைக்கு விலை கேட்டு
கொள்ளை விலை என்று ஏசி
வாங்காமல் வந்தேன்.

இன்னும் பதின்மூன்று நாள் இருக்கிறது.
அன்றிரவும் வழமைபோல இரண்டு மணிக்கு முழிப்பு,
வழமைபோல நெஞ்சில் அந்தச் சாக்கு மூட்டை.
கடற்கரைத் தண்டவாளத்தில் ஏதோ ஒரு எஞ்சின்
பெட்டியில்லாமல் தனியாகப் போனது.
எழும்பி லைற்றைப் போட்டேன்.
மேசையில் நாற்பது ரூபா.
எண்ணினேன், சரியாக இருந்தது.
காசாளர் பழக்கம்,
இன்னொருமுறை எண்ணினேன்.